இரண்டு வசனங்களுக்கு நடுவே ஒரு சினிமா

"அக்கா, அந்தத் தேர் ரேஸ் எந்த அதிகாரத்துல வருது?"

சண்டே ஸ்கூலில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டான். முந்தின வாரம் நல்ல மழை. வந்திருந்த ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்த மனமில்லாமல் 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தைப் போட்டுக் காட்டியிருந்தேன். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலரை மீட்டுக் கூட்டிவந்த மோசேயின் கதை அது. அதில் வாலிபர்களான மோசேயும் ராமசேஸும் தேர்களில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஊரை ஒரு வழி பண்ணுகிறார்கள். பெரிய சிலை ஒன்றின் மூக்கைச் செதுக்கிக்கொண்டிருந்த கல்தச்சர் இவர்கள் போட்ட சத்தத்தில் திடுக்கிட, மூக்கு பெயர்ந்து விழுகிறது. பையனுக்கு அந்த மூக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய், வேதாகமத்தில் மோசே கதை வரும் யாத்திராகமத்தை முதல் அதிகாரத்திலிருந்து புரட்டியிருக்கிறான். மூக்கு கிடைக்கவில்லை. தேர் வந்தது பதினாலாம் அதிகாரத்தில், அதுவும் சமுத்திரத்தில் முழுகுவதற்காக.

"அது வேதாகமத்துல இல்லடா, படம் எடுத்தவங்க சேர்த்தது" என்றேன். "அப்போ பொய்யா?" என்றான். பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட படங்களைப் போட்டுக் காட்டும் பெற்றோருக்கும், வேதாகமம் அதிகம் படித்திராதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இந்த வகையைப் பற்றிக் கொஞ்சம். வேதாகமக் கதைகளை வைத்து, குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுக்கப்படும் அனிமேஷன் படங்களை மோட்டாக இரண்டாகப் பிரிக்கலாம். பெரிய ஸ்டுடியோ தியேட்டருக்காக எடுப்பது ஒன்று. கிறிஸ்தவ அமைப்புகள் டிவிக்காகவும் வீடியோவுக்காகவும் எடுப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் பலருக்கும் தெரிந்தது 'சூப்பர்புக்'. 1981இல் ஜப்பானின் தட்சுனோக்கோ ஸ்டுடியோவும் அமெரிக்காவின் சிபிஎன் என்ற கிறிஸ்தவத் தொலைக்காட்சியும் சேர்ந்து தொடங்கிய தொடர் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு ரோபோவோடு பழைய காலத்துக்குப் போய்க் கதையை நேரில் பார்ப்பார்கள். 2011 முதல் அதையே கம்ப்யூட்டர் அனிமேஷனில் புதிதாக எடுத்தார்கள். தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. முதல் வகைக்கு இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1998 டிசம்பரில் வந்த 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'தான். நானும் அதையே பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த படம், மூக்கு விழுந்த பாவமும் அதில்தான்.

சேர்ப்பது ஏன்?

வேதாகமம் கதை சொல்வதில் மகா சிக்கனம். ஆபிரகாம் தன் மகனைப் பலிகொடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறார். போகச் சொல்லி உத்தரவு வருகிறது, அதிகாலையில் கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், அடுத்த வசனம் "மூன்றாம் நாளில்" என்று தொடங்கிவிடுகிறது. இடையில் போன நாட்களில் தகப்பன் என்ன நினைத்தார், ராத்திரி தூங்கினாரா, பையன் வழியில் என்ன விளையாடினான், ஒரு வார்த்தை கிடையாது. வாசிக்கிறவர்கள் அந்த மௌனத்தை மௌனமாகவே விட்டுவிட்டுத் தாண்டலாம். படம் வரைகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்திலாவது காற்றும் தூசியும் வெயிலும் தானாக வந்து கேமராவுக்குள் விழும். அனிமேஷனில் தூசியைக்கூட யாராவது ஒருவர் போட்டால்தான் உண்டு. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. அந்த ஒவ்வொன்றிலும் கூடாரத்தின் கயிறு என்ன நிறம், கழுதை தலையை எந்தப் பக்கம் திருப்புகிறது, பையன் சிரிக்கிறானா என்பதையெல்லாம் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். வேதாகமம் சொல்லாமல் விட்டதெல்லாம் இங்கே சொல்லப்பட்டே ஆகவேண்டிய கட்டாயம். ஆகவே 'வேதாகமத்தில் உள்ளதை உள்ளபடியே எடுத்த அனிமேஷன் படம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். அப்படி ஒன்று எடுக்கவே முடியாது. இடைவெளியை எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்று பார்ப்பதுதான் நமக்கு வேலை.

இந்த நிரப்பும் வேலை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. யூத ரபிகளின், அதாவது வேத ஆசிரியர்களின், மித்ராஷ் என்ற விளக்கக்கதை மரபு முழுக்க இதைத்தான் செய்தது. மோசே தன்னைத் 'திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்' என்று சொல்லிக்கொள்கிறார் (யாத்திராகமம் 4:10). ஏன் திக்குவாய்? வசனத்தில் காரணம் இல்லை. ரபிகள் ஒரு கதை சொன்னார்கள்: குழந்தை மோசேயைச் சோதிக்க எகிப்து ராஜாவான பார்வோனின் அரண்மனையில் பொன்னையும் நெருப்புத் தணலையும் முன்னால் வைத்தார்கள், குழந்தை தணலை எடுத்து வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டது என்று. தமிழில் இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. மரியாளின் கணவர் யோசேப்பு நான்கு சுவிசேஷங்களிலும் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. அந்த ஊமைப் பாத்திரத்தைக் காப்பியத் தலைவனாக்கி, வளன் என்று பேரிட்டு, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். அவரை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை.

பத்தாம் வசனமும் பதினோராம் வசனமும்

மோசே கதைக்கு வருவோம். யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில் அவன் குழந்தை. பார்வோனின் குமாரத்தி தண்ணீரிலிருந்து எடுத்ததால் மோசே என்று பேரிடுகிறாள். பதினோராம் வசனம், "மோசே பெரியவனான காலத்தில்" என்று தொடங்குகிறது. அவ்வளவுதான். அரண்மனையில் எப்படி வளர்ந்தான், யாரோடு விளையாடினான், தன் பிறப்பைப் பற்றி எப்போது தெரிந்துகொண்டான், ஒன்றும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவான் சொல்லும் கணக்குப்படி அப்போது மோசேக்கு நாற்பது வயது. நாற்பது வருஷத்தை ஒரு முற்றுப்புள்ளிக்குள் அடக்கியிருக்கிறார்கள். படத்தின் முதல் பகுதி, தேர்ப் பந்தயம் உட்பட, பெரும்பாலும் அந்த முற்றுப்புள்ளிக்குள்தான் நடக்கிறது.

அந்த இடத்தை நிரப்ப இயக்குநர்கள் மூவரும் (பிரெண்டா சாப்மன், ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ்) எடுத்துக்கொண்ட சரக்கு, அண்ணன் தம்பி பாசம். மோசேயும் அடுத்த பார்வோன் ராமசேஸும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவன் குறும்பு செய்வான், இன்னொருவன் திட்டு வாங்குவான். பின்னால் ஒருவன் அடிமைகளை விடுவிக்கக் கேட்டு வருகிறான், மற்றவன் மறுக்கிறான். யாத்திராகமத்தில் இப்படி எதுவும் கிடையாது. எதிர்த்து நிற்கும் பார்வோனுக்கு அங்கே பேரே இல்லை. ராமசேஸ் என்ற பேர் முதல் அதிகாரத்தில் வருகிறது, ஆனால் அது இஸ்ரவேலர் கட்டிய ஒரு பட்டணத்தின் பேர்.

ஏன் அண்ணன் தம்பி? காரணம் மூலத்திலேயே இருக்கும் ஒரு கடினமான இடம். கடவுள் எகிப்தின் மேல் அனுப்பிய பத்து வாதைகள் வரைக்கும் பார்வோன் ஏன் பிடிவாதம் பிடித்தான்? சில வசனங்கள் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்கின்றன. வேறு சில வசனங்கள் கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்கின்றன. இரண்டாவதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிப் பாருங்கள். "அப்போ அவன் மேல என்ன தப்பு?" என்ற கேள்வி உடனே வரும். இறையியல் படித்தவர்களே பல நூற்றாண்டாக மல்லுக்கட்டும் கேள்வி அது. படம் அதைச் சுற்றிப் போகிறது. ராமசேஸின் தகப்பன், ஒரு பலவீனமான கண்ணி ராஜவம்சம் என்ற சங்கிலியையே அறுத்துவிடும் என்று சின்ன வயதில் அவனைக் கடிந்துகொள்கிறான். அந்தச் சொல் அவன் மனதில் முள்ளாகத் தைத்துவிடுகிறது. தான் அந்தக் கண்ணியாகிவிடக் கூடாது என்ற பயமே அவனை இளகவிடாமல் வைத்திருக்கிறது. கடவுள் கடினப்படுத்திய இருதயத்தைத் தகப்பன் கடினப்படுத்திய இருதயமாக மாற்றிவிட்டார்கள். கதையாகப் பார்த்தால் அருமையான மாற்றம். இறையியலாகப் பார்த்தால் பெரிய மாற்றம். தேர்ப் பந்தயம் ஒரு பொருட்டே இல்லை, இதைத்தான் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு மாற்றமும் அப்படித்தான். எபிரெயன் (இஸ்ரவேலன்) ஒருவனை அடித்த எகிப்தியனை மோசே கொல்கிறார். யாத்திராகமத்தில் அவர் "அங்கும் இங்கும் பார்த்து", யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு கொல்கிறார், பிணத்தை மணலில் புதைக்கிறார். படத்தில் கிழவர் ஒருவரைச் சவுக்கால் அடிக்கும் மேற்பார்வையாளனைத் தடுக்கப் பாய்கிறார், அவன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறான். கொலை விபத்தாகிவிட்டது. கதாநாயகன் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் கொலை செய்வதைக் குடும்பப் படம் தாங்காது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த 'அங்கும் இங்கும்' என்ற இரண்டு சொல்லில் இருக்கும் மனுஷத்தனம் படத்து மோசேயிடம் குறைந்துவிட்டது.

குழந்தையைக் கண்டெடுப்பவர் படத்தில் பார்வோனின் ராணி, வேதாகமத்தில் குமாரத்தி. வேதாகமத்தில் மோசேக்குப் பால் கொடுத்து வளர்த்தது அவருடைய சொந்தத் தாயே, அக்காவின் சாமர்த்தியத்தால் கூலிக்கு அமர்த்தப்பட்டவள். அது இருந்தால், வாலிப வயதில் 'நீ எபிரெயன்' என்று தெரிந்து மோசே அதிர்ந்துபோகும் காட்சிக்கு வேலை இல்லை. அதனால் அதை எடுத்துவிட்டார்கள். ஆரோன்தான் மோசேயின் வாயாக இருந்து பேசுகிறவர். படத்தில் அவர் எதையும் நம்பாமல் முணுமுணுக்கும் அண்ணன். மூலத்தில் பார்வோனுக்கு முன்னால் ஆரோனின் கோல் பாம்பாகிறது, படத்தில் மோசேயின் கோல். கதையின் மையத்தில் இரண்டு பேர் மட்டும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தபின் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

இத்தனை மாற்றத்தையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். படம் தொடங்குமுன் திரையில் ஒரு குறிப்பு வருகிறது: இது யாத்திராகமக் கதையின் தழுவல், கலைக்காகச் சில சுதந்திரங்களை எடுத்திருக்கிறோம், மூலக்கதை யாத்திராகமத்தில் இருக்கிறது என்ற பொருளில். எடுப்பதற்கு முன் யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்கள் நூற்றுக்கணக்கானவர்களிடம் கருத்தும் கேட்டார்கள். படத்தை எடுத்த டிரீம்வொர்க்ஸ் 1994இல் தொடங்கிய புது ஸ்டுடியோ. சுமார் 7 கோடி டாலர் போட்டு எடுத்த படம். மூன்று மதத்தாருக்கும் சொந்தமான ஒரு மனிதரைத் தொடுகிறோம் என்ற பயம் அவர்களுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை. அப்படியும் மலேசியாவிலும் மாலத்தீவிலும் படத்துக்குத் தடை வந்தது. இஸ்லாத்தில் மோசே, மூஸா நபி. நபிமார்களை உருவமாகக் காட்டுவது பலருக்கு ஏற்புடையதல்ல. படம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே அங்கே இடம் வரவில்லை, வரைந்ததே பிரச்சினை.

பாட்டில் விட்ட பாதி

இந்தப் படத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பாட்டு. இஸ்ரவேலர் எகிப்தை விட்டுக் கிளம்பும்போது 'வென் யூ பிலீவ்' என்று வரும். சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வாங்கியது, எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். நடுவில் குழந்தைகள் எபிரெயத்தில் பாடுவார்கள். கேட்டால் ஏதோ பழைய தாலாட்டு மாதிரி இருக்கும். அது யாத்திராகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் மோசே பாடும் பாட்டின் வரிகள். தமிழ் வேதாகமத்தில் அதன் முதல் வசனம், "கர்த்தரைப் பாடுவேன், அவர் மகிமையாய் வெற்றிசிறந்தார், குதிரையையும் குதிரைவீரனையும் கடலிலே தள்ளினார்."

படத்தின் குழந்தைகள் முதல் பாதியைப் பாடுகிறார்கள். அப்புறம் வேறு வசனங்களுக்குத் தாவிவிடுகிறார்கள். குதிரையையும் குதிரைவீரனையும் கடலில் தள்ளியது பாட்டில் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: வேதாகமத்தில் இந்தப் பாட்டு கடலைக் கடந்து, எகிப்தியர் செத்துக் கரையில் கிடப்பதைப் பார்த்தபிறகு பாடியது. படத்தில் கடலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பாடிவிடுகிறார்கள். யுத்தத்தில் ஜெயித்தவர்கள் பாடிய பாட்டு, நம்பிக்கையோடு நடக்கிறவர்களின் பாட்டாக மாறிவிட்டது. ஒரு வரியை வெட்டி, இடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளியதில் மொத்த உணர்ச்சியும் வேறாகிறது. தழுவல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு பாட்டைக் காட்டினாலே போதும்.

கடவுள் எந்தக் குரலில் பேசுவார் என்பதும் அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி. எரியும் முட்செடியிலிருந்து "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று வரும் சத்தத்துக்கு யார் குரல்? இடி மாதிரி ஒரு குரலைப் போடுவது பழைய வழக்கம். இங்கே மோசேக்குக் குரல் கொடுத்த வால் கில்மரையே முட்செடிக்கும் பேச வைத்தார்கள். மோசேக்குக் கடவுளின் குரல் தன் மனதுக்குள்ளேயே கேட்பது போல இருக்கட்டும் என்பது யோசனை. பெரும்பாலும் கிசுகிசுப்பாகவே வருகிறது. ஊர்ப் பள்ளி நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்று வாத்தியார் தகரக்குழாயில் கத்தியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கிசுகிசுப்பு புதுசாக இருந்தது.

பிள்ளைகள் பார்க்கலாமா?

குடும்பப் படம் என்பதில் இருக்கும் பெரிய தலைவலி, வேதாகமம் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட புத்தகம் இல்லை என்பது. கொலை உண்டு, விபசாரம் உண்டு, ஊரே அழிவது உண்டு. இதையெல்லாம் என்ன செய்வது?

ஒரு வழி, காட்டு, ஆனால் நேராகக் காட்டாதே. பார்வோன் எபிரெய ஆண்குழந்தைகளை நதியில் போடச் சொன்னதை 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' மோசேயின் கனவாகக் காட்டுகிறது. எகிப்தியச் சுவர்ச் சித்திரங்கள் உயிர்பெற்று, தட்டையான உருவங்களாகவே ஓடுகின்றன. சிப்பாய்களும் தாய்மார்களும் முதலைகளும் எல்லாம் சுவர்க்கோடுகள். பெரியவர்களுக்கு வயிற்றைப் பிசையும், சின்னவர்களுக்குப் படமாகத் தெரியும். தலைப்பிள்ளைகள் சாகும் கடைசி வாதையில் பாட்டில்லை, அலறல் இல்லை. வெளிச்சம் ஒன்று வீடுவீடாக நுழைந்து போகிறது. பானையோடு ஒரு பையன் வாசலுக்குள் போகிறான், ஒரு மூச்சுச் சத்தம், கை மட்டும் கீழே விழுவது தெரிகிறது. நான் காட்டியபோது சின்னப் பிள்ளை ஒருத்தி என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் அந்த இடத்தில் பக்கத்தில் இருங்கள், அல்லது தாண்டிவிடுங்கள்.

இன்னொரு வழி, பொருளையே மாற்றிவிடுவது. 'வெஜிடேல்ஸ்' என்ற அமெரிக்க வீடியோ தொடர் 1993இல் தொடங்கியது. தக்காளியும் வெள்ளரிக்காயும்தான் கதாபாத்திரங்கள். கை கால் கிடையாது. காரணம் பக்தியும் இல்லை, தத்துவமும் இல்லை. அன்றைக்குத் தொடரை உருவாக்கிய ஃபில் விஷர் கையிலிருந்த கம்ப்யூட்டரில் கையும் முடியும் துணியும் வரைவது பெரும் பாடு. மிட்டாய் ஒன்றைக் கதாநாயகனாக்கப் பார்த்தாராம். பிள்ளைகளுக்குத் தின்பண்டத்தின் மேல் ஆசை வந்தால் எந்த அம்மா வாங்குவாள் என்று மனைவி சொல்ல, காய்கறிக்கு வந்தார்.

தாவீது ராஜா உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவை யுத்தத்தின் முன்னணியில் நிறுத்திச் சாகவிட்ட கதையை இந்தக் காய்கறிகள் எப்படிச் சொல்லும்? 2000இல் சொன்னார்கள். ராஜாவிடம் ஏகப்பட்ட ரப்பர் வாத்துகள். அப்படியும் ஒரு சின்னப் பையனிடம் இருக்கும் ஒரே வாத்தின் மேல் கண். பையனை யுத்தத்துக்கு அனுப்புகிறார், அந்த யுத்தத்தில் ஆளுக்காள் எறிந்துகொள்வது தின்பண்டங்களை. முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. பாவத்தை இப்படி விளையாட்டுச் சாமானாக்கலாமா? பிறகு இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். தாவீதைக் கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசி என்ன சொல்கிறார்? ஆடுமாடு ஏராளமாக வைத்திருந்த ஐசுவரியவான் ஒருவன், தரித்திரனிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டான் என்று கதை சொல்கிறார். பத்சேபாளுக்குப் பதில் ஆட்டுக்குட்டியை வைத்தது வேதாகமமே. காய்கறிக்காரர்கள் ஆட்டுக்குட்டியை வாத்தாக்கினார்கள், அவ்வளவே.

அவர்களுக்கும் ஒரு கோடு இருந்தது: இயேசுவைக் காய்கறியாகக் காட்டுவதில்லை.

இயேசுவின் முகம் என்பதே தனிப் பஞ்சாயத்து. நான்கு சுவிசேஷங்களிலும் அவர் உயரமா குள்ளமா, நிறம் என்ன என்று ஒரு வரி இல்லை. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் படங்கள் எல்லாம் யாரோ நிரப்பியவைதான். 2000இல் வந்த 'த மிராக்கிள் மேக்கர்', வேல்ஸ் நாட்டவரும் ரஷ்யரும் சேர்ந்து எடுத்த படம், இதற்கு அழகான வழி கண்டுபிடித்தது. நடக்கும் சம்பவங்களெல்லாம் பொம்மைகளை ஒவ்வொரு சட்டகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தவை. இயேசு ஓர் உவமை சொல்லத் தொடங்கினாலோ, யாருக்காவது தரிசனமோ நினைவோ வந்தாலோ, படம் கையால் வரைந்த சித்திரமாக மாறிவிடும். எது நடந்தது, எது சொல்லப்பட்ட கதை என்பதைக் கண்ணே பிரித்துக்கொள்ளும். கதையை, இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகள் வழியாகப் பார்க்கிறோம். லூக்காவில் அவள் பன்னிரண்டு வயதுப் பெண், பேர் இல்லை, படத்தில் தாமார். இன்னொரு வேடிக்கை: இதில் இயேசுவுக்குக் குரல் கொடுத்த ரால்ஃப் ஃபைன்ஸ்தான் இரண்டு வருஷத்துக்கு முன் ராமசேஸாகப் பேசி இஸ்ரவேலரைப் போகவிட மாட்டேன் என்றவர்.

2025 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான 'த கிங் ஆஃப் கிங்ஸ்' பிள்ளையின் கண் வழியாகப் பார்ப்பதையே வேறு விதமாகச் செய்தது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பிள்ளைகளுக்காக 1840களில் இயேசுவின் கதையை எழுதி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார், 1934இல்தான் அச்சானது. அதை எடுத்துக்கொண்டு, டிக்கன்ஸ் தன் மகனுக்குக் கதை சொல்வதாகப் படம் செய்தது ஒரு கொரிய ஸ்டுடியோ. முதல் வாரக் கடைசியில் சுமார் 1.9 கோடி டாலர் வசூல். அந்தக் கணக்கில் 1998இன் மோசேயைத் தாண்டிவிட்டது.

நமக்கே தெரியாமல் நம்பிக்கொண்டிருப்பவை

படங்கள் சேர்த்ததைப் பிடிப்பது சுலபம். நம் மனதில் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம். 2017இல் வந்த 'த ஸ்டார்' கிறிஸ்துமஸ் கதையை மரியாளைச் சுமந்த கழுதையின் பக்கமிருந்து சொல்லும். பேசும் கழுதையைப் பார்த்து, "இதெல்லாம் வேதாகமத்துல இல்லையே" என்று சொல்லத் தோன்றும். உண்மையில் பேசாத கழுதையும் அங்கே இல்லை. மரியாள் பெத்லெகேமுக்குக் கழுதை மேல் போனாள் என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயுவும் எண்ணிச் சொல்லவில்லை. காணிக்கை மூன்று, ஆள் எத்தனையோ. டிசம்பர் மாதம் நாம் வைக்கும் குடிலில் மாடும் கழுதையும் மூன்று ராஜாக்களும் நிற்கிறார்களே, அதுவும் ஒரு தழுவல்தான்.

பழைய ஏற்பாட்டு யோசேப்பின் (மரியாளின் கணவர் இல்லை, சகோதரர்களால் எகிப்துக்கு விற்கப்பட்டவர்) கதையை டிரீம்வொர்க்ஸ் 2000இல் வீடியோவுக்காக எடுத்தது. அதில் அவருடைய எஜமான் போத்திபாரின் மனைவிக்கு சுலைகா என்று பேர். வேதாகமத்தில் அவளுக்குப் பேரே கிடையாது. அந்தப் பேர் இஸ்லாமிய மரபிலிருந்து வந்தது. யூசுப்பும் சுலைகாவும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். நிரப்புகிறவர்கள் எங்கிருந்து மண் எடுத்தார்கள் என்று பார்க்க இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பேர்கள் நல்ல துப்பு.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், படத்தை முதலில் காட்டுங்கள், வேதாகமத்தை அப்புறம் எடுங்கள் என்பேன். பல பெற்றோர் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வார்கள். என் அனுபவத்தில், முதலில் படித்த பிள்ளை படத்தில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் படம் பார்த்த பிள்ளை, துப்பறிகிறவன் மாதிரி வசனத்துக்குள் இறங்கித் தேடும். யாத்திராகமம் முதல் பதினைந்து அதிகாரங்கள் போதும். கத்தோலிக்க வீடுகளில் அதற்கு விடுதலைப் பயணம் என்று பேர். படம் மோசே கற்பலகைகளோடு மலையிலிருந்து இறங்குவதோடு முடிந்துவிடும். கீழே ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து ஆடிக்கொண்டிருந்ததும், அவர் அந்தப் பலகைகளை உடைத்ததும் முப்பத்திரண்டாம் அதிகாரம். அது தெரிந்தபிறகு படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் பையன் அப்படித்தான் இறங்கிவிட்டான். அடுத்த ஞாயிறு ஏழாம் அதிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, பார்வோன்கிட்ட பேசறப்ப மோசேக்கு எண்பது வயசுன்னு போட்டிருக்கு. படத்துல தாடி கறுப்பா இருக்கே?"

நான் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை, "டை அடிச்சிருப்பாரு" என்றாள்.